ஒன்பதாவது கூவல்

கஸப்
12 மார்ச் 2004

அன்புத் தங்கை ஷம்ஸாவுக்கு,

இறைவனின் அமைதி உன் மீதும், உன் பிள்ளைகள் மீதும், என்னோடு பேச மறுக்கும் உன் வீட்டுக்காரன் ஹுமைத் மீதும் உண்டாகட்டும். இந்தக் கடிதத்தை மீன் வண்டி ஓட்டும் ஜும்ஆவிடம் கொடுத்தனுப்புகிறேன். மீன் வாடை அடித்தால் அவனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நான் நலம். ஆடுகள் நலம். நீ விட்டுப்போன கறுப்பி மட்டும் இன்னும் உன் வீட்டு வாசலில் போய்த்தான் படுக்கிறது. காதைப் பிடித்து இழுத்து வந்தேன், மறுபடி ஓடிவிட்டது. உன் புருஷனின் பிடிவாதம் அதற்கும் வந்துவிட்டது போல. உன் பூட்டு வீட்டுக்குள் தானிய ஜாடிகள் பத்திரமாக இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை திறந்து எலி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஷம்ஸா, கல்யாணம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. உன் மகன் கல்யாணம், என் மருமகன் கல்யாணம். நூற்றிருபது பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். சோறு போட்டவனை வாழ்த்தி நத்பா கூவ வட்டமாக நின்றார்கள். நடுவில் நான். ஹுமைத் தன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பெயரைச் சொல்லி நான் கூவ வேண்டும், வட்டம் பதில் சொல்ல வேண்டும், மலை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கையைக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

சோறு தின்ற வீட்டில் நத்பா கூவாமல் போகிறவன் அந்தச் சோற்றைத் துப்பிவிட்டுப் போகிறான் என்று ஹுமைத் சொன்னானாம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பத்தாம் நாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு ராஸ் அல் கைமாவுக்குப் போய்விடுவான் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது வருஷத்துச் சிநேகிதம். உன்னையே அவனை நம்பித்தானே கட்டிக்கொடுத்தேன்!

எனக்குச் சளி, தங்கச்சி. நெஞ்சு அடைத்துவிட்டது. அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவனிடம் சொல். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அவன் என்னை மன்னித்து ஒரு வார்த்தை பேசினால் போதும்.

மற்றபடி முபாரக்கின் சுற்றுலாப் படகில் வேலை ஓடுகிறது. வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், திமிங்கலம் எங்கே என்று கேட்கிறார்கள், டால்பினைக் காட்டுகிறோம், சந்தோஷப்படுகிறார்கள்.

உன் அண்ணன்,
கல்ஃபான்


ராஸ் அல் கைமா
2 ஏப்ரல் 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மீதும் அமைதி உண்டாகட்டும். கடிதம் வந்தது. மீன் வாடை அடிக்கத்தான் செய்தது. இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். இங்கே மீன் கூடப் பிளாஸ்டிக் உறைக்குள்தான் வருகிறது.

நாங்கள் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். மருமகள் நல்ல பெண். மக்ரோனி என்று ஒன்றைச் சமைக்கிறாள், நானும் தின்கிறேன். இவர் முதல் நாளே, மலையில் எப்போதும் கூடவே வைத்திருக்கும் கைக்கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினார். காவல்காரன் தடுத்து, "ஐயா, ஆயுதத்தைக் கீழே வெச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லியிருக்கிறான். "இது ஆயுதம் இல்லடா, என் கை"ன்னு இவர் சண்டை. கடைசியில் கோடரி காவல்காரன் அறையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு இவர் கீழே இறங்குவதே இல்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே இன்னொரு கட்டடம். அதற்குப் பின்னால் மலை கொஞ்சம் தெரியும், தூசி இல்லாத நாளில்.

நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சளியாம் சளி! சளி பிடிச்சவன் வட்டத்துக்குள்ள வந்து எதுக்கு நின்னான்? எனக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வேற ஒருத்தன் கூவியிருப்பான்ல? அவன் நடுவுல நிக்கும்போது எவன் வாயைத் திறப்பான்?"

அதற்குப் பதில் என்ன, அண்ணா? உங்களுக்குத் தெரியுமா?

ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏன் போன் செய்வதில்லை? இவர் எடுத்தால் வைத்துவிடுவார், சரி. பகலில் நான்தானே எடுக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு ஒரு வாரம் தெம்பாக இருக்கும். ஊரிலிருந்து வந்தவர்கள், "கல்ஃபான் இப்ப யார்கூடவும் பேசறதில்ல, படகு வேலை கிடைச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சு"ன்னு சொல்கிறார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டேன்.

கறுப்பியை அடிக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
ஷம்ஸா


மலைமேல்
28 மே 2004

அன்புத் தங்கை ஷம்ஸாவுக்கு,

அமைதி உண்டாகட்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயில் தொடங்கிவிட்டதால் சுற்றுலாக்காரர்கள் இல்லை. படகைக் கரையில் ஏற்றிவிட்டோம். நான் மலைக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் எல்லோரும் பேரீச்சந் தோட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். கடைசியாகப் பக்கத்து வீட்டுச் சாலிமின் குடும்பம் போன வியாழக்கிழமை போனது. இப்போது இங்கே நானும் ஆறு ஆடுகளும்தான். எட்டு நாளாக ஒரு மனித முகம் பார்க்கவில்லை. தொழுகைக்கு நானே அழைத்து நானே வந்து நிற்கிறேன். அழைப்பதும் வாய்க்குள்தான்.

போன் பற்றிக் கேட்டாய். போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் தலையணைக்குக் கீழே வைத்து மறுபடி படிக்கலாம். உன்னுடையதை அப்படித்தான் படிக்கிறேன்.

ஹுமைத் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் இருக்கிறது. அதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தாளையும் கறுப்பி தின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால், நானேதான் அதற்குக் கொடுத்தேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளைக்காரி கேட்டாள், அந்தப் பாறைக்கு அடியில் நாலு வீடு தெரிகிறதே, அங்கே ரோடு இல்லையே, எப்படி மனிதர்கள் இருக்கிறார்கள் என்று. படகு இருக்கிறது என்றான் முபாரக். தனிமையாக இருக்காதா என்றாள். அவன் காப்பி ஊற்றச் சொல்லி என்னைப் பார்த்தான். ஊற்றினேன்.

ஹுமைத் சாப்பிடுகிறானா? பால்கனியில் வெயிலில் உட்காரவிடாதே.

உன் அண்ணன்,
கல்ஃபான்


ராஸ் அல் கைமா
3 அக்டோபர் 2004

கல்ஃபான் அண்ணனுக்கு,

அமைதி உண்டாகட்டும்.

இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. ஜூலையில் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போடுகிறார்கள். நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இவர் அழுதார். நான் இவரோடு முப்பத்தொரு வருஷம் வாழ்ந்துவிட்டேன், இவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நேற்று ஜும்ஆ வந்தான். "ஷம்ஸாக்கா, உங்க அண்ணன் குரலு என்னா குரலு! போன சீசன் பூராவும் என் கொழுந்தியா ஊர்ல தெனம் கேட்டாங்களாம். இப்ப மறுபடி படகு ஓட ஆரம்பிச்சாச்சு. நேத்துகூட ரெண்டு மலைக்கு நடுவுல கணீர்னு கூவிட்டுப் போனாராம்"ன்னான். பேர் காதில் விழவில்லையாம், குரல் மட்டும் விழுந்ததாம்.

இவர் உள்ளே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஜும்ஆ போனதும், "வெள்ளைக்காரனுக்குக் கூவத் தொண்டை இருக்கு. என் வாசல்ல மட்டும் சளி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்று காலை மெஷினுக்குப் போக மாட்டேன் என்றார். மகன் காலைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனான்.

உங்களுக்காக ஊரோடு சண்டை போட்டவள் நான். எனக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லையே நீங்கள். ஒரே வயிற்றில் பிறந்தோமா என்று இருக்கிறது.

இனி சளி என்று எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

ஷம்ஸா


கஸப்
10 அக்டோபர் 2004

ஷம்ஸாவுக்கும், இதைக் கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் படுத்திருக்கும் ஹுமைத்துக்கும்,

அமைதி உண்டாகட்டும். இந்தத் தாளை ஆட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் நான் படகில் இருந்தேன். பெரிய கப்பல் ஒன்று வந்திருக்கிறது, மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று முபாரக் கெஞ்சினான். போனேன். கடல் அன்றைக்குத் தட்டு மாதிரி இருந்தது. மலைகள் இரண்டும் நெருங்கி வரும் இடத்தில் படகை நிறுத்தினான். "கல்ஃபான், ஒண்ணே ஒண்ணு கூவிக் காட்டு"ன்னான்.

சோறு போட்டவன் பெயரைச் சொல்லித்தான் கூவ வேண்டும், அதுதானே முறை. அங்கே எனக்கு யார் சோறு போட்டார்கள்? மத்தியானம் யார் வீட்டில் சாப்பிடப் போகிறேன் என்று நினைத்தேன். மனசு நிறைந்திருந்தது. உன் தகப்பன் பெயரையும் சேர்த்து, ஹுமைத் பின் ராஷித் என்று கூவினேன். மலை உன் பெயரை நாலு தடவை திருப்பிச் சொன்னது, மச்சான். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு யாரும் கை தட்டியதில்லை. நம் மலையில் நத்பா கூவினால் கடமையைச் செய்தான் என்பார்கள், அதோடு சரி. இவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். இன்னொன்று என்றார்கள். கூவினேன். அடுத்த வளைவில் இன்னொன்று. முபாரக் குரலைப் பதியும் நாடாப் பெட்டி வைத்திருந்தான். "காத்து இரைச்சல் விழுந்துடுச்சு, இன்னொரு தடவை"ன்னான். எல்லாவற்றிலும் உன் பெயர்தான். ஒன்பதாவது தடவை முடிந்தபோது வாயில் ரத்த ருசி தெரிந்தது. அந்த ஒன்பதாவதுதான் நாடாவில் நன்றாக விழுந்தது.

மலைக்கு வந்து சேர்ந்தபோதே குரல் இல்லை என்று தெரியும். வட்டத்துக்குள் வராமல் இருந்திருக்கலாம். சாலிமை நிற்கச் சொல்லியிருந்தால் அவன் சுமாராகக் கூவியிருப்பான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். என் மச்சான் வீட்டு வாசலில் வேறொருவன் கூவுவதா என்ற திமிர்தான். வரும், அந்த நேரத்துக்கு எப்படியும் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

அதன் பிறகு வரவே இல்லை, ஷம்ஸா. கஸப் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே கிழிஞ்சு தழும்பாயிடுச்சு, இனிமே இவ்வளவுதான்" என்றார். பேசினால் காற்றும் கரகரப்பும்தான் வருகிறது, பக்கத்தில் இருப்பவனுக்கே பாதி கேட்காது. அதனால்தான் போன் இல்லை. அதனால்தான் ஊரில் யாரோடும் பேசுவதில்லை. பேசினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். என்னைத் தலைக்கனம் என்றே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜும்ஆவின் கொழுந்தியாள் கேட்டது என் குரல்தான், ஆனால் அது நான் இல்லை. முபாரக் பாய்மரத்தில் ஒலிபெருக்கி கட்டி அந்த நாடாவைப் போடுகிறான், ஒரு பயணத்துக்கு மூன்று தடவை. நான் பக்கத்தில் காப்பிப் பானையோடு நிற்கிறேன். ஹுமைத் பின் ராஷித் என்று அது கூவுகிறது. வட்டம் பதில் சொல்வதற்கு அங்கங்கே விட்ட இடத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, ஷம்ஸா. வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை.

மச்சான், திட்டுவதானாலும் திட்டு. மெஷினுக்கு மட்டும் ஒழுங்காகப் போ.

கல்ஃபான்


ராஸ் அல் கைமா
29 நவம்பர் 2004

அன்புள்ள அண்ணா,

அமைதியும் பெருநாள் வாழ்த்தும். அவசரமாக எழுதுகிறேன், ஜும்ஆ கீழே ஹாரன் அடிக்கிறான்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் என்னால் முடியவில்லை, மருமகள்தான் மீதியைப் படித்தாள். இவர் நோன்பு மாதம் முடிந்து பெருநாள் அன்றுதான், "டாக்டர் நெசமாவே குழாய் விட்டுப் பார்த்தாராமா?" என்று கேட்டார்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "ஆட்டுக்கறி போட்டுச் சோறு ஆக்கு" என்றார். உப்புக் கூடாதே, நீங்கள் சாப்பிடக் கூடாதே என்றேன். "எனக்குன்னு எவன் சொன்னான்? உப்பு நல்லாப் போடு" என்றார். ஆக்கினேன். பெரிய பாத்திரத்தில் போட்டுத் துணியால் கட்டச் சொன்னார். காவல்காரனிடம் போய்க் கோடரியை வாங்கிக்கொண்டார்.

அண்ணா, இந்தக் கடிதமும் இவரும் ஒரே வண்டியில்தான் வருகிறார்கள். இவருக்கு அது தெரியாது. உங்களை அடிக்கப் போகிறாரா, சோறு போடப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை மெஷின் நாள், அதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் குரல் போனதை இத்தனை மாதம் தனியாக வைத்துக்கொண்டிருந்தீர்களே. நான் செத்தா போய்விட்டேன்?

உங்கள் தங்கை,
ஷம்ஸா


மலைமேல்
5 டிசம்பர் 2004

அன்புத் தங்கை ஷம்ஸாவுக்கு,

அமைதி உண்டாகட்டும். அவன் உன்னிடம் எதையும் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜும்ஆ உன் கடிதத்தைக் கையில் கொடுத்தான். படித்துவிட்டு நிமிர்ந்தால் உன் புருஷன் படகில் உட்கார்ந்திருக்கிறான். டிக்கெட் வாங்கிக்கொண்டு! ஜெர்மன்காரர்களுக்கு நடுவில், மெத்தை மேல், மடியில் பாத்திரம். எவ்வளவு இளைத்துவிட்டான், ஷம்ஸா. கழுத்து மட்டும்தான் பழைய ஹுமைத்.

என்னைப் பார்க்கவே இல்லை. காப்பி கொண்டுபோனேன். கோப்பையை நீட்டினான். ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டினான். யாரோ வழிப்போக்கனிடம் வாங்கிக் குடிப்பது போல.

ஒரு தீவுக்குப் பக்கத்தில் படகு நின்றது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தண்ணீரில் குதித்தார்கள். அப்போதுதான் அவன் துணியை அவிழ்த்தான்.

"மச்சான், உக்காரு" என்றான்.

வேலையில் இருக்கிறேன் என்று சைகை செய்தேன்.

"வேலை கிடக்கட்டும். நேத்தே ஆக்கின சோறு. இன்னும் ஆறவிட்டா அவ என்னைத் திட்டுவா."

உட்கார்ந்தேன். அவன் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலும்பை எல்லாம் என் பக்கம் தள்ளினான். "இப்ப நீ யார் சோத்தைத் தின்ன?" என்று கேட்டான். உன் சோறு என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தான். மறுபடி சொன்னேன். அவன் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரைக்கும் அவன் பாதி நம்பாமல்தான் இருந்திருக்கிறான்.

கடல் தண்ணீரில் கை கழுவினேன். வெள்ளைக்காரர்கள் ஏறினார்கள். மலைகள் நெருங்கும் இடம் வந்ததும் முபாரக் பொத்தானை அழுத்தினான்.

ஹுமைத் பின் ராஷித்.

அவன் எழுந்து நின்றான். பாய்மரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான், அன்றைக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அதே மாதிரி. மலை அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனது. முதல் இடைவெளி வந்தது. யார் பதில் சொல்வார்கள்? சோறு போட்ட வீட்டுக்காரன் தன் பெயருக்குத் தானே பதில் சொல்ல முடியாது. நான் சொன்னேன். காக்கை இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு சின்னப் பெண் சிரித்தாள், அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். இரண்டாவது இடைவெளிக்கும் சொன்னேன். மூன்றாவதற்கும் சொன்னேன். கடைசிவரைக்கும் சொன்னேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஹுமைத் என்னைப் பார்த்துச் சொன்னான்: "கூவினவன் பரவாயில்ல. பதில் சொன்னவன்தான் படுமோசம்."

பத்து மாதத்துக்குப் பிறகு சிரித்தேன், ஷம்ஸா.

மலைக்கு வா, ஒரு நாள் தங்கிவிட்டுப் போ, கறுப்பி உன் வாசலில்தான் இருக்கிறது என்றேன். அண்ணாந்து பார்த்தான். "ஏற முடியாது, மச்சான். நாளைக்கு மெஷின்" என்றான். வண்டியில் ஏறும்போது ஒன்று சொன்னான்: "அது என் பேரு. போற வர்றவனுக்கெல்லாம் போட்டுக் காட்ட வேணாம்னு முபாரக் கிட்ட சொல்லு." கோடரியை என் தோளில் மாட்டிவிட்டு, "அங்க துடைப்பத்துக்குப் பக்கத்துல அது கிடக்க வேணாம்" என்றான். ஜும்ஆ வண்டியை எடுத்துவிட்டான். நான் அவனைக் கூப்பிட்டேன். கேட்டிருக்காது.

மறுநாள் முபாரக்கிடம் நாடாவைக் கேட்டேன். "அதைக் கொடுத்துட்டா நீ எதுக்கு?" என்றான். அவன் சொல்வதும் சரிதான். நாடாவை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டேன். இப்போது படகுகள் சத்தமில்லாமல் போகின்றன. மேலே நான் இருக்கிறேன், ஆறு ஆடு இருக்கிறது, இரண்டு கோடரி இருக்கிறது.

உன் பாத்திரத்தைக் கழுவி ஜும்ஆவிடம் அனுப்புகிறேன். வெறுமையாக அனுப்ப மனசு வரவில்லை, உள்ளே அந்த நாடாவை வைத்திருக்கிறேன். மெஷினுக்குப் போக மாட்டேன் என்று அவன் அடம் பிடிக்கிற அன்றைக்குப் போட்டுக் காட்டு. இடைவெளி வரும்போது மகனைப் பதில் சொல்லச் சொல். அவன் வேலைக்குப் போயிருந்தால் நீ சொல். பெண்கள் சொல்லும் வழக்கமில்லைதான், ஒன்பதாவது மாடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஜன்னலைத் திறந்துவிட்டுச் சத்தமாகச் சொல், ஷம்ஸா. அவனைச் சொல்ல விடாதே. அவன் வீட்டுக்காரன்.

உன் அண்ணன்,
கல்ஃபான்